நான்கு முறை பரவாயில்லை

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அது வீட்டோடு சரி. வேலையிடத்தில் மெக்கானிக்குகள் வயர்லெஸ்ஸில் "கண்ட்ரோல், கண்ட்ரோல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் கண்ட்ரோல் அக்காவாகவே ஆகிப்போனாள்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. நகரத்தில் முந்நூற்றுச் சொச்சம் லிஃப்டுகள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. எதிலாவது ஆள் மாட்டிக்கொண்டு மணிப் பொத்தானை அழுத்தினால், அழைப்பு நேரே அவள் காதில் வந்து விழும். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, கதவு திறக்கும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக அதைத்தான் செய்தாள். அதட்டுவாள், கொஞ்சுவாள், கதை கேட்பாள்.

"கதவைத் தள்ளாதீங்க. தள்ளினா திறக்காது, கைதான் வலிக்கும். தரையில உட்காருங்க. உட்கார்ந்தாச்சா? பொய் சொல்லாதீங்க, மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்குது. சரி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

இத்தனை வருடத்தில் அவள் பேச்சைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஒருத்தர் வெளியே வந்தபின் போன் செய்து, "நீங்க திட்டினதுல பயமே போயிடுச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அப்படி இருந்தவளைத்தான் ஒரு சுற்றறிக்கை வந்து குழப்பியது. புதிதாக எழும்பிய முப்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டுகள் கம்பெனிக்கு மூன்று மாதச் சோதனை ஒப்பந்தத்தில் கிடைத்திருந்தன. குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே அயல்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆகவே கண்ட்ரோல் அறையில் உள்ள இருவரும் வாரம் இரண்டு நாள், மாலை மூன்று மணிக்கு, "மொழிப் பயிற்சி, பண்பாட்டு விழிப்புணர்வு, மென்திறன் மேம்பாடு" வகுப்புக்கு வரவேண்டும் என்று கண்டிருந்தது.

"மென்திறன்னா என்னம்மா? மெல்லத் திறக்கறதா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "அப்ப இந்தக் கடுதாசியைக் கதவுக்கில்ல அனுப்பியிருக்கணும்!"

அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். தூங்கும்போது மட்டும் வாய் மூடும் என்று அவர் மனைவியே சொல்வாராம். அதுவும் சந்தேகம்தான் என்பாராம்.

பாடம் நடத்த வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்த நாட்டில் கல்யாணம் கட்டி ஆறு வருடம் இருந்துவிட்டு, போன வருடம் தனியாகத் திரும்பி வந்தவள். இடது கையால் அழகாக எழுதுவாள். முதல் நாளே பலகையில் ஒரு சின்ன வார்த்தையை எழுதினாள்.

"இதுக்கு 'இல்லை'ன்னு அர்த்தம். ஆனா இதை யாரும் சொல்ல மாட்டாங்க."

"சொல்லாத வார்த்தையை எதுக்கு வச்சிருக்காங்க?" என்றார் ரேடியோ.

"எழுதறதுக்கு."

"வாயில வராததைக் கையால எழுதறாங்களா! சரி, வேணாம்னா எப்படித்தான் சொல்வாங்க?"

"'யோசிச்சுப் பார்க்கறேன்'னு சொல்வாங்க. 'எவ்வளவு நல்ல யோசனை'ன்னும் சொல்வாங்க. அப்படிச் சொன்னா அதோட விட்டுடணும்."

கண்ட்ரோல் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுத எழுதத் தலை சுற்றியது. வார்த்தைகள் கூடப் பரவாயில்லை, மனப்பாடம் செய்துவிடலாம். வார்த்தைக்கு இந்தப் பக்கம் ஒரு அர்த்தமும் அந்தப் பக்கம் ஒரு அர்த்தமும் இருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அதிலும் மூன்றாவது வாரம் நடத்திய பாடம் அவளை ஒரேயடியாகக் கவிழ்த்தது. அவர்கள் பேச்சில் 'பரவாயில்லை' என்பதற்கு ஒரு சொல் உண்டு.

"நீங்க கேட்டதுக்குப் பதிலா ஒரு தடவை சொன்னா, நிஜமாவே பரவாயில்லைன்னு அர்த்தம்," என்றாள் டீச்சர். "நீங்க கேக்காமயே மறுபடியும் சொன்னா, பரவாயில்லைன்னு அர்த்தமில்லை."

"மூணாவது தடவை சொன்னா?" என்று கேட்டாள் கண்ட்ரோல் அக்கா.

டீச்சர் சாக்பீஸைக் கையில் உருட்டினாள். "அது ஆளைப் பொறுத்து அக்கா," என்றாள்.

வீட்டுப் பாடமும் உண்டு. ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் கட்டளை போடக்கூடாது. 'இல்லை', 'வேண்டாம்' வாயில் வரக்கூடாது. எல்லாம் மென்மையாகப் பேசவேண்டும். அவள் செய்து பார்த்தாள். கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வந்ததும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற பழக்கம் அவருக்கு.

"துண்டுக்கும் கொஞ்சம் வெயில் பட்டா நல்லா இருக்குமோன்னு தோணுது," என்றாள்.

அவர் துண்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பக்கத்தில் வந்து நெற்றியில் கை வைத்தார். "உடம்பு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்லையே."

"என்மேல ஏதாவது கோவமா? எதுவா இருந்தாலும் வாய்விட்டுத் திட்டிடு. இப்படிப் பேசினா எனக்குப் பயமா இருக்கு."

அதோடு போகவில்லை. அந்த வாரமே நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறாங்க. நானும் பசங்களும் ஒரு ரெண்டு வாரம் அங்க வந்து இருக்கட்டுமா?"

மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. சாதாரண நாளாக இருந்தால், "அம்மாடி, இப்ப வேணாம், பரீட்சை முடியட்டும்" என்று பட்டென்று சொல்லியிருப்பாள். நாத்தனாரும் "சரி அண்ணி" என்று வைத்திருப்பாள். ஆனால் வீட்டுப் பாடத்தில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

"நீ வந்தா எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! யோசிச்சுப் பார்க்கறேன்மா," என்றாள் கண்ட்ரோல் அக்கா. பாடத்தின்படி அதைவிடத் தெளிவாக ஒரு மறுப்பைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை மூன்று பெட்டிகளோடும் இரண்டு பிள்ளைகளோடும் நாத்தனார் வந்து இறங்கினாள்.

"வரச் சொன்னது நீதானாமே?" என்றார் கணவர் சமையலறைக்குள் வந்து, கிசுகிசுவென்று.

"நான் வர வேணாம்னுதான் சொன்னேன்!"

"எந்த பாஷையில?"

மகள் பாடப் புத்தகங்களோடு கடைக்குப் போய், கண்ணாடி அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தாள். இரண்டு வாரம் கழித்து நாத்தனார் கிளம்பும்போது கண்கலங்கினாள். "எல்லாரும் ஏதாவது சாக்கு சொன்னாங்க அண்ணி. நீங்க ஒருத்தர்தான் சந்தோஷம்னு சொன்னீங்க." கண்ட்ரோல் அக்காவுக்கு அழுவதா, சிரிப்பதா, ஓடிப்போய் டீச்சரிடம் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஒரு வேளை சந்தோஷம்தானோ என்றுகூட அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் குழப்பம் ஓய்வதற்குள் லிஃப்ட் நின்றது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. முப்பது மாடிக் கட்டடத்தின் மூன்றாம் எண் லிஃப்ட் பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே நின்றுவிட்டதாகத் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே இருந்து மணி அடித்தது. கண்ட்ரோல் அக்கா மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்த அந்த மொழி வாக்கியத்தைச் சொன்னாள்.

"வணக்கம். தங்களோடு நான் இங்கேயே இருக்கிறேன்."

"சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்," என்றது ஒரு வயதான பெண்ணின் குரல், அதே மொழியில். "தவறான பொத்தானை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது."

"லிஃப்ட்தான் நின்றிருக்கிறது. இருபத்தைந்து நிமிடத்தில் எங்கள் ஆள் வந்துவிடுவார். தாங்கள் நலமா?"

"பரவாயில்லை."

ஒன்று. கேட்டதற்குப் பதில்தான். கண்ட்ரோல் அக்கா மூச்சு விட்டாள். அடுத்து என்ன பேசுவது? பாடத்தில் முதலில் வருவது வானிலை. "இன்று வானிலை எப்படி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் ஏது வானிலை!

"இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது," என்றார் அந்த அம்மா மரியாதையாக. கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே, "பரவாயில்லை," என்றார்.

இரண்டு. கண்ட்ரோல் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ரேடியோ தன் ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்களோடு யாராவது இருக்கிறார்களா?"

"தனியாகத்தான் இருக்கிறேன். பரவாயில்லை."

இது பதிலா, கேட்காமல் சொன்னதா? பாதி பதில், பாதி கேட்காதது. அவள் திரும்பிப் பார்த்தாள். ரேடியோ வாயைத் திறக்காமல் மூன்று விரலைக் காட்டினார். பிறகு யோசித்து ஒன்றைப் பாதி மடக்கினார்.

அப்புறம் பேச்சே இல்லை. கண்ட்ரோல் அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது. மூச்சில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நம்மூர்ப் பேச்சாக இருந்தால், "என்னம்மா பண்ணுது, சொல்லித் தொலைங்களேன்!" என்று ஒரு அதட்டுப் போட்டு விஷயத்தைக் கறந்துவிடுவாள். அந்த மொழியில் அதட்டத் தெரியாது. அதட்டக்கூடாது என்றுதான் ஏழு வாரமாகப் படித்திருக்கிறாள்.

"பரவாயில்லை," என்றது குரல், மிகவும் மெல்ல.

நான்கு. அவள் ஹெட்ஃபோனின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். "அண்ணே, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. தீயணைப்புக்கும் சொல்லிடுங்க."

"என்னம்மா, அவங்க பரவாயில்லைன்னுதானே…"

"அதான் அண்ணே! நாலு தடவை சொல்லிட்டாங்க!"

கதவு திறந்தபோது வெளியே ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். மெக்கானிக், தீயணைப்புக்காரர்கள் நால்வர், ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர், காவலாளி, கட்டட மேலாளர். உள்ளே அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. நாடி பிடித்துப் பார்த்தார்கள். படபடவென்று இருந்தது, ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அவர் எழுந்து, சுருங்கிய சட்டையை நீவிவிட்டு, ஒன்பது பேருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். பிறகு படியேறி, தம் பதினேழாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் காலியாகத் திரும்பியது.

"கண்ட்ரோல், ஆள் நல்லாத்தான் இருக்காங்க," என்றான் மெக்கானிக் வயர்லெஸ்ஸில். "ஆனா முகம் ஒரு மாதிரி இருந்துச்சு."

"என்ன மாதிரி?"

"தெரியலக்கா. ஒரு மாதிரி."

ஆறாவது நாள் கடிதம் வந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றில் 'பாராட்டு', மற்றதில் 'புகார்' என்று எழுதியிருந்தது. "இந்தா, அந்த அம்மா எழுதியிருக்காங்க. அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இதை எதுல போடறது?"

அந்த மொழியில் இருந்த கடிதத்தை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அன்று என் பொருட்டு ஒன்பது பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வர நேர்ந்தது. அத்தனை அக்கறைக்கு நான் தகுதியானவள் அல்ல. அந்தக் குரலை என்னால் மறக்க இயலாது. இனி மாடிப்படியையே பயன்படுத்தலாம் என்று எண்ணுகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லது."

"தெரியலையே சார்," என்றாள்.

"எட்டு வாரமா படிக்கறீங்க!"

"படிச்சதுனாலதான் சார் தெரியல. படிக்காம இருந்திருந்தா பாராட்டுன்னு சொல்லியிருப்பேன்."

வகுப்பு முடிந்ததும் கடிதத்தை டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் இரண்டு முறை படித்தாள். ரேடியோ வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியல அக்கா."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஆறு வருஷம் இருந்திருக்கீங்க."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் மாமியார் தினமும் காலையில 'நீ இருப்பது எங்களுக்கு எவ்வளவு உதவி'ன்னு சொல்வாங்க. தினமும். முதல் ரெண்டு வருஷம் சந்தோஷமா கேட்டுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் என் வீட்டுக்காரர் சொன்னாரு, நான் சமையலறையில எதையுமே அதோட இடத்துல வைக்கறதில்லைன்னு அம்மாவுக்கு வருத்தமாம். ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்றாங்களாம். எல்லாம் முடிஞ்சு நான் கிளம்பற அன்னிக்கும் வாசல்ல நின்னு அதையேதான் சொன்னாங்க. கண்ணுல தண்ணி இருந்துச்சு. வருத்தமா, நிம்மதியான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

"கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"கேக்கக் கூடாதுன்னு நான்தானே உங்களுக்குப் பாடம் நடத்தறேன்."

வாசலில் நின்ற ரேடியோ உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க போய் கேளுங்க அக்கா," என்றாள் டீச்சர் திடீரென்று. "பாடத்தை விடுங்க. எனக்கும் தெரிஞ்சாகணும்."

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அதே மூன்றாம் எண் லிஃப்டில் ஏறினாள். பொத்தான்களுக்கு மேலே உள்ளங்கையளவு தகட்டில் பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தன. அவள் குரல் அந்தத் துளைகள் வழியாகத்தான் வந்திருக்கும். பதினான்கு வருடத்தில் அதை இத்தனை கிட்டத்தில் நின்று அவள் பார்த்ததில்லை. இவ்வளவு சின்னத் துளையிலிருந்து ஒரு முகம் தெரியாத குரல் வானிலை எப்படி என்று கேட்டால், உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும்?

பதினேழாம் மாடியில் கதவைத் திறந்த அம்மா குள்ளமாக, நரைத்த கிராப்போடு இருந்தார். கண்ட்ரோல் அக்கா வாயைத் திறந்து "வணக்கம்" என்று அந்த மொழியில் ஆரம்பித்ததுதான் தாமதம், அவர் கண்கள் விரிந்தன. குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"உள்ள வா!" என்றார் உரக்க, நம் மொழியில். "உட்காரு! சாப்பிட்டியா?"

கண்ட்ரோல் அக்கா திடுக்கிட்டுப் போனாள். மேஜைமேல் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. பக்கம் முழுக்க நம் எழுத்துகள், ஒவ்வொன்றும் கொழுக்கட்டையளவு. இவரும் படிக்கிறார்! அவருக்கு யாரோ ஒரு டீச்சர், இந்த ஊரில் எல்லாரும் சுற்றிவளைக்காமல் பட்டென்று பேசுவார்கள், கத்திப் பேசினால்தான் அன்பு என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அவள் உட்கார்ந்தாள். கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, அந்த மொழியில், தப்போ சரியோ என்று கேட்டுவிட்டாள். "தங்கள் கடிதம் எனக்குப் புரியவில்லை. மகிழ்ச்சியா, வருத்தமா?"

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு வார்த்தைகளைத் தேடினார். பிறகு ஒப்பிக்கிற குழந்தையைப்போல நிமிர்ந்து சொன்னார். "எனக்கு ரொம்பக் கோவம். ரொம்ப நன்றி."

"கோவமா? கூச்சமா?"

அவர் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் ஒரு விரலையும் இன்னொரு பக்கத்தில் இன்னொரு விரலையும் வைத்தார். "ரெண்டும்," என்றார்.

அதற்குமேல் அவருக்கு நம் மொழி போதவில்லை. தம் மொழிக்கு மாறினார். மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி. "ஒன்பது பேர் என்னைப் பார்த்தார்கள். ஐயோ என்று இருந்தது. ஆனால் தங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"தாங்கள் நான்கு முறை பரவாயில்லை என்றீர்கள்."

"நான்கு முறையா?" அவருக்கு அது நினைவிலேயே இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். "இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் மகனிடம் தினமும் அதைத்தான் சொல்கிறேன். அவன் எண்ணவில்லை."

"அன்று உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லையா?"

"தெரியாது," என்றார் அந்த அம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

மறுநாள் மேனேஜர் கேட்டபோது, "நகல் எடுத்து ரெண்டு ஃபைல்லயும் போட்டுடுங்க சார்," என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் அப்படியே செய்தார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. காரணம் ஏதும் எழுதவில்லை. டீச்சரிடம் நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னபோது, அவள் வெகுநேரம் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் நடத்தினது சரியா, தப்பா?"

"தெரியலம்மா. ஆனா நீங்க நடத்தலைன்னா நான் எண்ணியிருக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா, அன்று எழுதி வாங்கிக்கொண்ட எண்ணில், அவளுடைய கைப்பேசிக்கே கூப்பிட்டார். நம் மொழியில் பேசிப் பழகவேண்டுமாம். கால் மணி நேரம் இருவரும் ஆளுக்கொரு மொழியில் தப்புத் தப்பாகப் பேசினார்கள். மகன் மாலையில் சீக்கிரம் வர ஆரம்பித்திருக்கிறானாம். எதனால் என்று அவருக்கும் தெரியவில்லையாம். ஒருவழியாக "வைக்கறேன்" என்றார் அவர். "சரிங்கம்மா" என்றாள் இவள்.

யாரும் வைக்கவில்லை. கண்ட்ரோல் அறையில் பதினான்கு வருடமாக ஒரே விதி: அழைப்பை இந்தப் பக்கத்திலிருந்து துண்டிக்கவே கூடாது. அந்த அம்மாவின் பழக்கமோ என்னவோ, அவரும் வைக்காமல் காத்திருந்தார்.

கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "யாரு லைன்ல? பேசாம காதுல வச்சுக்கிட்டு நிக்கறே?"

"பேசி முடிச்சாச்சு."

"அப்ப வச்சிடு."

"அவங்க வைக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல் கேட்டது. டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கண்ட்ரோல் அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.